அந்தத் தாளைப் படம் எடுத்துப் போட்டது யார்?

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஞாயிறு ராத்திரி நம் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் வந்த படம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். வளைகுடாவில் இகாமா என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது, 'அன்ஃபிட்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஒரு பையனின் மெடிக்கல் தாள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. கீழே "எல்லாரும் எச்சரிக்கையாக இருங்கள்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள்.

எதற்கு எச்சரிக்கை? அவன் குடித்த டீ கிளாஸுக்கா, உட்கார்ந்த பெஞ்சுக்கா? அதிலெல்லாம் எச்.ஐ.வி. தொற்றாது என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்டே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

ரத்தத்தைச் சோதித்து ஆளைத் துரத்துவதற்குப் பெயர் தடுப்பு இல்லை. அந்த நாடு செய்தாலும் இல்லை, நம் ஊர் செய்தாலும் இல்லை.

சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஊர் பேரு மட்டும் போடாத, மத்தது எழுது" என்றாள். 2002-ல் சித்தப்பா திரும்பி வந்தார். மூன்று வருஷம் கட்டட வேலை, ஒரு அறையில் பத்துப் பேர், ஒரு தடவைகூட லீவு இல்லை. ஒரு நாள் சாயங்காலம் கேம்ப்புக்கு வேன் வந்திருக்கிறது. ரத்தம் சரியில்லை என்றார்களாம், அவ்வளவுதான். எந்த வியாதி, என்ன வைத்தியம், வீட்டுக்காரியிடம் எப்படி இருக்க வேண்டும், ஒரு வார்த்தை கிடையாது. ஒரு தாள் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றால் கயிறு கட்டி, மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய பெரிய அட்டைப் பெட்டி வரும். கம்பளி வரும், கோடாலித் தைலம் வரும். சித்தப்பா ஒரு தோள்பையோடும் ரப்பர் செருப்போடும் வந்து நின்றார். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அவருக்குப் பின்னால் பெட்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தோம். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பதினாலு மாசம் கழித்து, ஒரு ஆஸ்பத்திரி வார்டில்தான் விஷயம் தெரிந்தது. 2003 கடைசியில் போய்விட்டார். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். சில மாசம்தான் இடைவெளி. அதற்குள் சித்திக்கும் வந்திருந்தது.

அந்த நாடு தன் எல்லையைக் காப்பாற்றிக்கொண்டது. என் சித்தியை யார் காப்பாற்றினார்கள்? அந்த வேனில் ஏற்றும்போது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அவருக்குப் புரிகிற பாஷையில் விஷயத்தைச் சொல்லியிருந்தால் சித்திக்கு வந்திருக்காது. தடுப்பு என்றால் அதுதான்.

"யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டு உரிமை" என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். சரி. ஆனால் போகும் முன் இங்கே ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள், போய் இறங்கியதும் அங்கே ஒரு தடவை. இரண்டிலும் சுத்தம் என்று வந்தவனுக்கு வருஷங்கள் கழித்துப் புதுப்பிக்கும்போது வருகிறது என்றால் எங்கே இருந்தபோது வந்திருக்கும்? உழைப்பு வேண்டும், உடம்பு கெட்டால் மட்டும் நம் தலையில். அமெரிக்காவே எச்.ஐ.வி. உள்ளவர்கள் நுழையக் கூடாது என்ற தடையை 2010-ல் எடுத்துவிட்டது. சீனாவும் அதே வருஷம் எடுத்தது. அங்கெல்லாம் நாடு முழுகிப் போய்விடவில்லை.

துரத்துவார்கள் என்று தெரிந்தால் எவன் தானாகப் போய்ச் சோதித்துக்கொள்வான்? இகாமா போனாலும் பரவாயில்லை என்று ஒளிந்து வேலை பார்ப்பான். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு முதலாளி வீட்டுக்குள்ளேயே அக்கிரமம் நடந்தால் அவள் எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வாள்? சோதனையில் பிடிபட்டால் விமானம் ஏற்றப்படுவது அவள்தானே, அவன் இல்லையே.

"ஒழுக்கமாக இருந்தால் ஏன் வருகிறது?" இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். என் சித்தி ஒழுக்கமாகத்தான் இருந்தாள்.

1986-ல் சென்னையில்தான் இந்தியாவிலேயே முதன்முதலில் எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். அன்றைக்குப் பாலியல் தொழில் செய்த பெண்களைத் திட்டினோம். அப்புறம் நாமக்கல் லாரிக்காரர்களை. இப்போது வெளிநாடு போய் வருகிறவனை. நாற்பது வருஷமாக ஆளை மாற்றி மாற்றித் திட்டுகிறோமே தவிர, மூன்று வருஷம் வீட்டைப் பிரிந்து கிடக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் விமானம் ஏறும் முன் ஆணுறையைப் பற்றி உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்க மனசு வரவில்லை.

"கல்யாணம் பண்ணினால் பெண் வீட்டுக்குத் தெரிய வேண்டாமா?" வேண்டும். அதை அவன் சொல்ல வேண்டும், சொல்ல வைக்கத்தான் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் உட்கார்ந்திருக்கிறார். இருநூறு பேர் இருக்கிற குழுவில் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டு 2017-ஆம் வருஷ எச்.ஐ.வி. சட்டம் ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. சிங்கப்பூரில் எச்.ஐ.வி. உள்ள 14,200 பேருடைய விவரம் கசிந்தது 2019-ல் தெரியவந்தது, நினைவிருக்கிறதா? அதில் 8,800 பேர் வெளிநாட்டவர். அன்று "ஐயோ பாவம்" என்று எழுதியவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை கும்பிடு போட்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, சந்தேகம் இருக்கிற இன்னொரு பையன் நம் ஊரிலிருந்து சோதனைக்குப் போவானா? போகவே மாட்டான். இதனால் நாளைக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு வந்தால், அதில் அந்தப் படத்தைப் போட்டவருக்கும் பங்கு உண்டு. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. சித்தி இருபது வருஷமாகச் சாப்பிடுகிறாள், நூறு நாள் வேலைக்குப் போகிறாள், பேத்தியைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். அந்தப் பையனுக்கு இதைச் சொல்ல யாராவது போனீர்களா? எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடு என்றாவது?

சித்தி நேற்றுச் சாயங்காலம் போனாள். கதவு திறக்க ரொம்ப நேரம் ஆனதாம். அம்மாக்காரி டீ போடட்டுமா வேண்டாமா என்று தயங்கி நின்றாளாம். சித்தியே கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அவனும் பெட்டி இல்லாமத்தான் வந்திருக்கான்" என்றாள்.