உங்க காட்டை நீங்க பாருங்க, என் காட்டை நான் பாத்துக்கறேன்

நம்ம காப்பித் தோட்டக்காரர்கள் குரூப்பில் வந்த அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஓடையோரம் நின்ற நாவல் மரமும் அத்தி மரமும் வெட்டுப்பட்டு லாரி ஏறிய பிறகு, ஏன் என்று கேட்டவர்களுக்குப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தந்த பதில் அது.

பட்டா உங்கள் பெயரில்தான் அண்ணே, யாரும் மறுக்கவில்லை. ஆனால் தாண்டிக்குடி மலையில் உங்கள் மரத்து நிழல் என் காப்பிச் செடிக்கும் நிழல். போன வருஷம் மேற்கு எல்லையில் நீங்கள் வெட்டினீர்கள். என் கடைசி வரிசையில் உச்சி வெயில் இறங்கியது. அரபிகா காப்பித் தண்டில் வெயில் பட்டால் தண்டு துளைப்பான் வண்டு முட்டை வைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்த வரிசையில் பட்டை மேடு மேடாக வீங்கி, இலை மஞ்சளாகிக் கிடக்கிறது. பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. வண்டு எல்லைக்கல்லைப் பார்த்தா நிற்கும்?

"நாட்டு மரம் வளர்த்தால் நாளைக்குத் தனியார் காடு என்று சொல்லிக் கை வைக்க விடமாட்டார்கள்" என்கிறார்கள். தனியார் காடுகளைப் பாதுகாக்கும் 1949 சட்டத்தின் மேல் இருக்கிற அந்தப் பயம் எனக்குப் புரியும், என் அப்பாவுக்கும் இருந்தது. அதற்காக ஓடைக்கரையை மொட்டையடிப்பதா? அந்தத் தண்ணீர் மருதாநதி அணைக்குப் போகிறது. கீழே அய்யம்பாளையத்துத் தென்னைக்கும் அதுதான்.

"டவுன்காரனுக்கு மரம் அழகு, எங்களுக்குக் காசு" என்று இன்னொருத்தர். நான் டவுன்காரனா? மிளகு விலை விழுந்தபோது வீட்டு நகையை வைத்துத்தான் கூலி கொடுத்தேன். அந்த மிளகும் மரத்தில்தான் ஏறுகிறது.

சேர்ந்து செய்வது நடக்காத காரியமும் இல்லை. வால்பாறையில் தேயிலைக் கம்பெனிகளே தங்கள் நிலத்து மழைக்காட்டுத் துண்டுகளில் நாட்டு மரம் நட, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு பல வருஷமாகக் கைகோத்திருக்கின்றன. லாபக் கணக்குப் பார்க்கிற கம்பெனிக்கு முடிகிறது. பெண் கொடுத்து எடுத்த நமக்கு முடியாதா?

பங்குனியில் கீழ்ச்சரிவுப் புல் பிடித்து எரிந்த அன்று, பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு உங்கள் தோட்டத்துக்குள் ஓடி வந்தவர்கள் யாரும் சர்வே நம்பர் கேட்கவில்லை.

நாங்கள் கேட்டது என்ன? ஓடைக்கு இரண்டு பக்கமும் வெட்ட வேண்டாம். தீ தாண்டி வராமல் இருக்க, தை மாசமே எல்லாரும் சேர்ந்து புல்லைச் செதுக்கித் தீக்கோடு போடலாம். காட்டுமாடு வருகிற தடத்தைச் சோலார் வேலி போட்டு மறிக்காமல் விடலாம். இதற்குத்தான் "சொத்தில் பங்கு கேக்குறீங்களா" என்றீர்கள். வெட்டியதைவிட அந்தப் பேச்சுதான் அண்ணே தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பேசுகிறோம். நீங்களும் வாங்க. பாலத்துக்குக் கீழே நிற்கிற தான்றி மரத்தை அதுவரைக்குமாவது தொடாதீர்கள்.