ஒன்றரை மனிதர்

ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் "எந்த மதமும் வன்முறையைப் போதிக்கவில்லை" என்று யாராவது ஒரு பதிவு போட்டுவிடுகிறார்கள். போதிக்கிறதா இல்லையா என்ற பட்டிமன்றம் எனக்கு அலுத்துவிட்டது. வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவனிடம் அந்த மதத்தின் நூல் என்ன பேசுகிறது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

இலங்கையின் பழைய பௌத்த வரலாற்றுக் காவியமான மகாவம்சம், 25ஆம் அத்தியாயம். தமிழ் அரசன் எல்லாளனைக் கொன்று தலைநகர் அனுராதபுரத்தைப் பிடித்த சிங்கள மன்னன் துட்டகைமுனு அரண்மனை மாடியில் படுத்திருக்கிறான். ஆடல் பாடல் எல்லாம் உண்டு, மனசில் சந்தோஷம் மட்டும் இல்லை. ஒரு அக்குரோணி, அதாவது மாபெரும் சேனை அழிந்துபோனதே என்று மறுகுகிறான். அந்த நூலிலேயே என்னைத் தொட்ட இடம் இதுதான். சரியாக அந்த நேரம் பார்த்து எட்டு அரகந்தர்கள் (ஞானம் முற்றிய பிக்குகள்) ஆகாய மார்க்கமாக வந்து இறங்குகிறார்கள். கவலைப்படாதே அரசே, நீ கொன்றது ஒன்றரை மனிதர்தான் என்கிறார்கள். புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளில் சரணம் மட்டும் புகுந்த ஒருவன் அரை, பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்கங்களையும் ஏற்ற இன்னொருவன் முழு ஆள், இருவரும் சேர்ந்து ஒன்றரை. மற்றவர்களெல்லாம் விலங்குக்குச் சமம்.

இது புத்தர் சொன்னதில்லை. திருடர்கள் உன்னை ரம்பத்தால் அங்கம் அங்கமாக அறுத்தாலும் அவர்கள்மேல் கோபம் கொள்பவன் என் வழியில் வருபவன் அல்லன் என்றுதான் அவருடைய உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் அவர் சொல்கிறார். மகாவம்சமோ அவருக்குப் பல நூற்றாண்டு கழித்து இலங்கையில் பிக்குகள் எழுதிய காவியம், பௌத்தத்தின் மூல நூல் தொகுதியான திரிபிடகத்தில் சேராதது. ஆனால் 2017 அக்டோபரில் மியான்மரின் கரேன் மாநில ராணுவ முகாமில் சிதகு சயாதவ் அதிகாரிகளுக்கு எடுத்துச் சொன்னது ரம்பத்தை அல்ல, இந்த ஒன்றரையைத்தான். அவர் ஏதோ மூலையில் கிடந்த சாமியார் இல்லை, அந்த நாட்டில் பெரிதும் மதிக்கப்படும் பிக்கு. அதற்குள் அந்த ராணுவத்தின் தாக்குதலுக்குத் தப்பி 6 லட்சம் ரோஹிங்கியா முஸ்லிம்கள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்கு ஓடியிருந்தார்கள். அங்கேயும் ஆறுதல் கதை கொலைக்குப் பின்னால்தான் வந்தது.

இதைப் படித்ததும் "பாத்தீங்களா, சிங்களவன் புத்தி" என்று நம்மாட்கள் கமெண்டில் வரிசை கட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்க. பெரியபுராணத்தில் சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறுகிறார்கள். சேக்கிழாருக்கே கொஞ்சம் நெருடியிருக்கும் போல. சம்பந்தருக்கு அவர்கள்மேல் பகை இல்லை, சைவர் மடத்துக்குத் தீங்கு செய்ததால் தடுக்காமல் இருந்தார் என்று சமாதானம் சொல்கிறார். இதுவும் ஒரு ஒன்றரைக் கணக்குதானே? நடந்ததற்குச் சமகாலச் சான்று ஒன்றும் இல்லை, வெறும் கதை என்பீர்கள். சரி, கதைதான். நடக்காத கொலையை நாமே கட்டி, கோயில் சுவரில் ஓவியமாகவும் தீட்டி வைத்தோம் என்றால் அது இன்னும் மோசம் இல்லையா?

மகாவம்சத்தின் அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எல்லாளன் விழுந்த இடத்தில் துட்டகைமுனு நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடு நடத்தச் சொல்கிறான். இலங்கை அரசர்கள் அந்தப் பக்கம் போகும்போது இன்றுவரை வாத்தியத்தை நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. இந்த வரியைச் சொல்லி எந்த பிக்குவும் ராணுவ முகாமில் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.