சேர்த்து வெச்சாச்சு, சரி. அப்புறம்?

ரெண்டு நாளா டைம்லைன் முழுக்க அந்த மாலை போட்டோதான். பிரிஞ்சிருந்த தம்பதியை கவுன்சலிங் கொடுத்து சேர்த்து வெச்சாங்களாம், மேடையேத்தி மாலை மாத்த வெச்சாங்களாம், அதிகாரிங்க கைதட்டினாங்களாம். நடுவுல ஏழெட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு, ஸ்வீட் பாக்ஸை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்குது. கேமராவைப் பார்க்கல, அம்மா முகத்தையே பார்க்குது.

நான் கமென்ட்ல கேட்டது ஒரே கேள்வி. ஆறு மாசம் கழிச்சு அந்த வீட்டுல சண்டை குறைஞ்சிருக்கான்னு யாராவது போய்ப் பார்ப்பாங்களா? அதுக்குத்தான் "நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காதே", "குடும்பத்தைப் பிரிக்கிற கும்பல்". சரிங்க. கும்பல்காரி மறுபடியும் அதையேதான் கேட்கிறேன்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984லயே வந்தாச்சு. முதல்ல சமரசத்துக்கு முயற்சி பண்ணணும்னு அதோட 9-வது பிரிவு சொல்லுது. சென்னை உயர் நீதிமன்றத்துல 2005லயே சமரச மையம் வந்துருச்சு. நல்ல விஷயம்தான், வாய்தா வாய்தான்னு அலைஞ்சவங்களுக்கு அதோட அருமை தெரியும். ஆனா கணக்கு எப்படிச் சொல்றோம்? இத்தனை வழக்கு வந்துச்சு, இத்தனை முடிஞ்சுச்சு. வழக்கு முடிஞ்சா வெற்றி. சண்டை முடிஞ்சுச்சா?

எங்க வீட்டுக்கும் சமரசம் நடந்திருக்கு. கோர்ட்டுல இல்ல, பெரியப்பா வீட்டுக் கூடத்துல. பெரியவங்க பேசினாங்க, அப்பா தலையாட்டினார், அம்மா மூக்கைச் சிந்திக்கிட்டே எல்லாருக்கும் காபி போட்டாங்க. "எல்லாம் பேசி முடிச்சாச்சு"ன்னு மாமா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டார். அதுக்கப்புறம் வீட்டுல சத்தமே இல்ல. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "வேணாம்னு சொல்லு." பத்தடி தூரத்துக்கு நான் தபால்காரி. மாமா கணக்குல அது வெற்றி.

"இதையெல்லாம் எப்படிம்மா அளக்க முடியும்?"னு ஒருத்தர். அளந்திருக்காங்க சார். அமெரிக்காவுல, கல்யாணம் ஆகாம குழந்தை பெத்துக்கிற ஜோடிகளுக்கு அரசாங்கமே உறவுப் பயிற்சி கொடுத்துச்சு. 8 இடம், 5,000க்கும் மேல ஜோடிகள். குலுக்கல் மாதிரி பாதிப் பேருக்குப் பயிற்சி, மீதிப் பேருக்கு இல்ல. 15 மாசம் கழிச்சு ரெண்டு தரப்பையும் கேட்டாங்க. மொத்தத்துல பார்த்தா பெருசா வித்தியாசமே இல்ல. ஓக்லஹோமா நகரத்துல கொஞ்சம் பலன். பால்டிமோர்ல பயிற்சிக்குப் போனவங்க நிலைமைதான் இன்னும் மோசம். நல்ல எண்ணத்துல செஞ்சதுதான், ஆனா கேட்டுப் பார்த்ததாலதான் இது தெரிஞ்சுச்சு. அங்கேயும் மாலை போட்டு போட்டோ எடுத்து முடிச்சிருந்தா?

"அது அவங்க ஊரு, நம்ம கலாச்சாரம் வேற." ஓ, நம்ம ஊர்ல கதவைச் சாத்திக்கிட்டா சண்டை வெளியே கேட்காது, அதானே.

"அந்தரங்கம்னு ஒண்ணு இருக்குல்ல?" மேடையேத்தினப்ப எங்க போயிருந்துச்சு அது?

ஆள் பத்தாது, கவுன்சலருங்க சம்பளம் குறைவு, அது நிஜம். ஒத்துக்கிறேன்.

குழந்தைக்காகச் சேர்ந்து வாழணும்னு சொல்றவங்க அந்தக் குழந்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? பிள்ளை யார் பொறுப்புல இருக்கணும்னு முடிவு பண்ண 1890ல வெள்ளைக்காரன் போட்ட காப்பாளர் சட்டத்துலயே, விவரம் தெரிஞ்ச பிள்ளையோட விருப்பத்தை நீதிபதி பார்க்கலாம்னு இருக்கு. யார்கூட இருக்க ஆசைன்னு பிள்ளைகிட்ட கேட்க வழி உண்டு. சேர்த்து வெச்சு அனுப்பினப்புறம் "ராத்திரி தூங்கறியா கண்ணு"ன்னு கேட்கத்தான் நாதியில்ல. எங்கிட்டயும் யாரும் கேட்கல. மாமா எனக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

கடைசியா, இன்பாக்ஸ்ல வந்து "உங்க வீட்டுல என்ன பிரச்சினையோ, அதான் இப்படி எழுதறீங்க"ன்னு அக்கறையா விசாரிச்ச அண்ணனுக்கு: எங்க அப்பாவும் அம்மாவும் கடைசிவரைக்கும் ஒரே வீட்டுலதான் இருந்தாங்க. உங்க லிஸ்ட்டுல அவங்க பாஸ்.