ஒழுங்கு வினையாம், ஒழுங்கு!

ஆங்கிலத்தில் சில வினைச்சொற்களுக்கு 'ரெகுலர்' என்று பெயர் வைத்தவர் எதிரில் வந்தால் ஒன்றே ஒன்று கேட்பேன்: ஐயா, இதில் எது ஒழுங்கு?

நேற்று இரவு மகளின் வீட்டுப்பாடத்துக்குத் துணையாக உட்கார்ந்தேன். பத்து வினைகள், எல்லாக் காலங்களிலும் எழுத வேண்டும். "எல்லாம் ரெகுலர் வெர்ப்தான் அப்பா, பின்னால் இ-டி போட்டால் முடிந்தது" என்றாள். நம்பினேன். அரை மணி நேரத்தில் தூங்கப் போகலாம் என்று நினைத்தவன், பதினொரு மணிக்கும் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் 'ஸ்டாப்'. இ-டி போட்டாள். தவறு; 'பி' இரட்டிக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் மகிழ்ச்சி. நன்னூலில் இருப்பதுதானே இது! தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வரின் இரட்டும். கல்லும் எறிந்தானும் சேர்ந்தால் கல்லெறிந்தான். தமிழ் தெரிந்தால் ஆங்கிலம் தானே வரும் என்று பெரிய சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். அந்தப் பெருமை சரியாக இரண்டு நிமிடம் நீடித்தது. அடுத்த சொல் 'விசிட்'. என் பேச்சைக் கேட்ட பிள்ளை கடைசி எழுத்தை இரட்டித்தாள். தவறு!

ஏன் தவறு? அழுத்தம் முதல் அசையில் விழுகிறதாம், அதனால் இரட்டிக்காதாம். 'ஆஃபர்', 'ரெஃபர்' இரண்டையும் எழுதிப் பாருங்கள். கடைசி மூன்று எழுத்துகள் அச்சு அசல் ஒன்று. ஆனால் இறந்தகாலத்தில் முன்னதற்கு ஒரு 'ஆர்', பின்னதற்கு இரண்டு. தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. அந்த அழுத்தத்தைத் தேடும் பழக்கமே இல்லாத காதை வைத்துக்கொண்டு எழுத்துப்பிழையைத் திருத்து என்றால் எப்படி? சரி, அழுத்தத்தையாவது நம்பலாம் என்றால் 'டிராவல்' வந்து நின்றது. அழுத்தம் முதல் அசையில்தான். ஆனாலும் பிரிட்டனில் 'எல்' இரண்டு, அமெரிக்காவில் ஒன்று. 'பேனிக்' என்ற சொல்லுக்கோ எங்கிருந்தோ ஒரு 'கே' ஓடிவந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. பதற்றம் என்று பொருள் உள்ள சொல், பொருத்தம்தான்.

'ஸ்டடி'யில் 'ஒய்' போய் 'ஐ' வரும், 'ப்ளே'யில் வராது என்பதை எல்லாம் விட்டுவிடுகிறேன். அதற்காவது ஒரு காரணம் இருக்கிறது.

எழுதியதைப் படிக்கச் சொன்னபோதுதான் இன்னும் கோபம் வந்தது. ஒரே இ-டி, மூன்று உச்சரிப்பு. 'வாக்' என்பதற்குப் பின்னால் வல்லோசை, 'ப்ளே'க்குப் பின்னால் மெல்லிய ஓசை, 'வான்ட்'டுக்குப் பின்னால் தனியாக ஓர் அசை. முதல் இரண்டையும் தமிழில் எழுதிக் காட்டக்கூட வழியில்லை. நம்முடைய ஒரே 'ட்' இரண்டு வேலையையும் பார்க்கிறது. சொல்லின் கடைசியில் வல்லின மெய்யை நிறுத்திப் பழகாத நாக்கு நம்முடையது. ஓர் உகரம் சேர்த்தால்தான் அதற்கு மூச்சு வரும். அந்த நாக்கிடம் 'ஆஸ்க்' என்பதன் இறந்தகாலத்தைக் கொடுத்து, மூன்று மெய்களை உயிரே இல்லாமல் அடுக்கிச் சொல் என்கிறார்கள். சொல்லாவிட்டால் சிரிக்கிறார்கள்.

அந்த 'இ' ஒரு காலத்தில் ஒலித்த எழுத்துதான். அதை விழுங்கி மெய்களை முட்டவிடுகிறார்களே என்று 1712இலேயே ஜொனாதன் ஸ்விஃப்ட் புலம்பியிருக்கிறார். 'டிஸ்டர்ப்' என்பதன் இறந்தகாலமும் அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று. ஆங்கிலத்தை ஆண்ட எழுத்தாளருக்கே அந்த எரிச்சல் என்றால் எனக்கு இருக்கக்கூடாதா? ஒலி செத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் எழுத்தை மட்டும் நாம் சுமக்கிறோம். அதுவும் முழுதாகச் சாகவில்லை. 'லெர்ன்' என்பதோடு இ-டி சேர்த்துக் கற்றறிந்தவர் என்ற பொருளில் சொன்னால் 'லெர்னெட்' என்று எழுந்து உட்கார்ந்துவிடும்.

இத்தனை பாடுபட்டு இ-டி ஒட்டக் கற்றுக்கொண்ட பிள்ளை, கேள்வி வாக்கியத்திலும் எதிர்மறையிலும் அக்கறையாக ஒட்டினால், 'டிட்' வந்துவிட்டதே, எடுத்துவிடு என்கிறார்கள். காலத்தைத் துணைவினை தூக்கிக்கொண்டதாம். அவள் கேட்டாள்: "நேற்று நடந்தாயா என்று கேட்டாலும் நேற்றுதானே அப்பா?" நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

நிகழ்காலத்தில் 'எஸ்' செய்யும் அட்டகாசம் தனி. பெயரில் ஒட்டினால் பன்மை, வினையில் ஒட்டினால் ஒருமை. அதுவும் படர்க்கை ஒருமைக்கு மட்டும். தன்மை, முன்னிலை, பன்மை எதற்கும் எதுவும் கிடையாது. ஒன்று எல்லாருக்கும் கொடு, அல்லது யாருக்கும் கொடுக்காதே!

பிறகு 'பிரசன்ட் பர்ஃபெக்ட்'. முடிந்த செயல், பெயரில் நிகழ்காலம். 'ஹேவ்' போட்டு எழுதிய வாக்கியத்தில் 'நேற்று' என்று சேர்த்தாள். சிவப்பு மை நிச்சயம். 'நேற்று வந்திருக்கிறார்' என்று நாம் தயங்காமல் சொல்வோம். அந்தப் பழக்கம்தான் அங்கே நம் காலை வாருகிறது. போதாக்குறைக்கு இறந்தகாலத்துக்கும் இதற்கும் செயப்பாட்டுவினைக்கும் அதே இ-டி வடிவம்தான். கேட்டேன், கேட்டிருக்கிறேன், கேட்கப்பட்டேன் மூன்றுக்கும் ஒரே சொல். கேள்வி கேட்டவர் யார், மாட்டிக்கொண்டவர் யார் என்பது முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லைப் பார்த்தால்தான் தெரியும்.

நம் மொழி மட்டும் சுத்தமா என்று கேட்பீர்கள். இல்லை. பாடினான் சரி, போடினான் ஏன் தவறு என்று வேற்றுமொழிக்காரர் கேட்டால் நானும் விழிப்பேன். ஆனால் அதைக் காட்டி, எல்லாம் ஒரே ஒழுங்கு, ஒரே ஒட்டு, முடிந்தது என்று யாரையும் நான் ஏமாற்றவில்லை.

அடுத்த வாரம் 'இர்ரெகுலர்' வினைகள் தொடங்குகின்றனவாம். கோ, வென்ட், கான். கேட்டதும் நிம்மதியாக இருந்தது.