ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணம் இல்லை

தோட்டத்துக் கதைகளைப் புத்தகமாகப் போட வழி கேட்ட சுங்கை சிப்புட் தம்பிக்கு, "முதலில் காசு கட்டி ஐ.எஸ்.பி.என். எண் வாங்குங்கள், அது இருந்தால்தான் எழுத்து உங்களுக்குச் சொந்தம்" என்று மேலே ஓர் அண்ணன் சொல்லியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை அண்ணே.

ஐ.எஸ்.பி.என். என்பது ஒரு புத்தகத்தை அடையாளம் காட்டும் எண். மலேசியாவில் அதைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. சொந்தமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். அச்சகக்காரரின் விலைப்பட்டியலில் 'ஐ.எஸ்.பி.என். கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால், அது அவர் அலைந்து வாங்கித் தருவதற்கான கூலி. கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் யார் பெயரில் எடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. அவர் பெயரில் எடுத்தால் பதிவில் பதிப்பாளர் அவர்தான்; விற்காத கட்டுகள் மட்டும் உங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கும்.

பதிப்புரிமைக்கு எண்ணே தேவையில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதி முடித்ததுமே அது எழுதியவருக்கு. மைஐபிஓ எனும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் அந்த உரிமையை அறிவித்து வைப்பது அவரவர் விருப்பம். கட்டணம் அதற்குத்தான் உண்டு.

அப்புறம், புத்தகம் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை அடிப்பது என்று கணக்குப் போடும்போதே அதை ஒதுக்கிவிடுங்கள்.