நான் கேட்டது இழுவை, கொடுத்தது சத்தம்

செங்குத்தான கல் ஏற்றம். ஃபோர் வீல் டிரைவ் வண்டி, மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் லோ ரேஞ்சில் முதல் கியர். இன்ஜின் ஆயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடிக்கொண்டிருக்கிறது. முன் சக்கரம் ஒரு பாறையைத் தொட்டதும் மெதுவாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. இருமியது, குலுங்கியது, அணைந்துவிட்டது. பிரேக்கை மிதித்தபடி, வண்டி பின்னால் நழுவாமல் இருக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். இது முழு இன்ஜின் வேலை முடிந்து வெளியே எடுத்த முதல் வாரம். தேய்ந்துபோய்ப் புகை தள்ளிக்கொண்டிருந்த பழைய இன்ஜின் இதே ஏற்றத்தை முனகிக்கொண்டாவது ஏறியது!

ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு விடும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். எனக்கு வேகம் வேண்டாம். 1,200 முதல் 2,500 ஆர்பிஎம் வரை இழுவை வேண்டும், நீண்ட நாள் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். தலையை ஆட்டினார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பவர் பிச்சுக்கிட்டுப் போகும் சார்" என்றார்கள். அங்கேயே எனக்கு வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும்.

இந்தக் குதிரைத்திறன் மோகம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சின்னக் கணக்குதான். இழுவையை (டார்க்) அளக்கும் நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட், அதாவது பவர். 1,500 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் இழுத்தால் வெறும் 31 கிலோவாட். 5,000 ஆர்பிஎம்மில் 160தான் இழுக்கிறது என்றாலும் 84 கிலோவாட் வந்துவிடும். பேப்பரில் எது பெரிதாகத் தெரியும்? இரண்டாவதுதான். பாறை மேல் எது வேலைக்கு ஆகும்? முதலாவதுதான். பாறை மேல் யாராவது 5,000ல் ஓட்டுவார்களா?

குற்றவாளி, வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டான கேம் ஷாஃப்ட். நான் கேட்டது, வால்வைத் தள்ளும் டேப்பெட் 1.27 மில்லிமீட்டர் உயர்ந்ததிலிருந்து திரும்ப அதே அளவுக்கு இறங்கும் வரை கிராங்க் தண்டின் சுழற்சியில் அளந்தால் 200 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் சாதுவான கேம். போட்டது 230 டிகிரி. நான் கேட்டது கைவசம் இல்லை, இது இன்னும் 'சூப்பர்' என்பதால் போட்டுவிட்டார்களாம். இதில் இன்டேக் வால்வு மிகத் தாமதமாக மூடும். அதற்குள் பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்திருக்கும். அதிக வேகத்தில் அது பரவாயில்லை, உள்ளே பாய்ந்து வரும் பெட்ரோல்-காற்றுக் கலவையின் வேகமே சிலிண்டரை நிரப்பிவிடும். குறைந்த வேகத்தில் அந்தப் பாய்ச்சல் கிடையாது. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டனே வந்த வழியில் திருப்பித் தள்ளிவிடுகிறது. புது பிஸ்டன், புது ரிங், எல்லாம் இருந்தும், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் 125 பிஎஸ்ஐ. நான் எதிர்பார்த்தது 150. ரிங் செட்டாக நாளாகும் என்று சமாதானம் வேறு. கேம் பெட்டியில் இருந்த அளவு விவர அட்டையைப் படித்திருந்தால் போதும், இந்தப் பேச்சே வேண்டாம்.

காற்று உள்ளே போகும் வழியான இன்டேக் போர்ட்டையும் குடைந்து பெரிதாக்கப் பார்த்தார்கள். நல்லவேளை, அன்றைக்கு நான் போயிருந்தேன். ஒடுங்கிய வழியில்தான் காற்று குறைந்த ஆர்பிஎம்மிலும் வேகமாகப் போகும் என்று சொல்லித் தடுத்தேன். அதற்கு ஒரு பார்வை பார்த்தார்கள் பாருங்கள்.

உழைப்பு விஷயம் இதைவிட மோசம். தேய்மானத்தை அளந்தபோது 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (அந்த அளவு பெரிய) பிஸ்டனுக்குக் குடைந்தாலே சிலிண்டர் சுவர் சுத்தமாகிவிடும் என்று தெரிந்தது. ஆனால் கைவசம் இருந்த பிஸ்டன் 0.75. உடனே 0.75க்கே போர் போட்டுவிட்டார்கள்! பிளாக் என்ன திரும்ப வளருமா? இடையில் இருந்த இரண்டு வாய்ப்புகளை என் பிளாக்கிலிருந்து சீவி எறிந்துவிட்டு, "ஒன்னும் ஆகாது சார்" என்கிறார்கள். ரிங் கேப் (பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) அளந்தீர்களா என்றால் அதற்கும் ஒன்றும் ஆகாது. சிலிண்டர் விட்டத்தில் ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் 0.1 மில்லிமீட்டர் என்பது பழைய கைக்கணக்கு. என் சிலிண்டருக்குச் சுமார் 0.4 வரும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து, முனையோடு முனை முட்டி, சுவரைக் கீறிவிடும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க ஒரு சிலிண்டருக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம்கூட இல்லை. (சிலிண்டர் சுவரைத் தீட்டும் ஹோனிங்கை முடித்துச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்க்காமல், பெட்ரோலில் துடைத்துவிட்டார்கள் என்பதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். துடைத்தால் துணியில் கறுப்பு ஒட்டாத நிலை வரும்வரை கழுவ வேண்டிய வேலை அது.)

இன்ஜின் முதலில் ஏன் தேய்ந்தது? ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ரப்பர் குழாயில் விரிசல், அது வழியாகப் புழுதி. இதையும் காட்டிக் கொடுத்திருந்தேன். அதே குழாயில் டேப் சுற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள். இதற்கு மேல் என்ன சொல்வது.

உச்சக்கட்டம் முதல் ஸ்டார்ட். தட்டை டேப்பெட் உள்ள இன்ஜினில் புது கேம் போட்டால், ஸ்டார்ட் ஆனவுடன் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோய் 20, 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். கேமில் டேப்பெட்டைத் தள்ளும் மேடான லோப்புக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதில்தான் கிடைக்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஐடிலில் அந்தத் தெறிப்பு போதாது. இவர்கள் என்ன செய்தார்கள்? 'டியூனிங்' என்று சொல்லி அரை மணி நேரம் ஐடிலிலேயே விட்டிருக்கிறார்கள். நடுவில் இரண்டு முறை அணைத்து, டீசல் மாதிரி சத்தம் வருதே என்று சிரிப்பு வேறு.

அந்தச் சத்தம் ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தேன். மடிப்பு மடிப்பாக மினுமினுப்பு. நான் கேட்காத கேமில் ஒரு லோப் தேய்ந்து போயிருக்கிறது. அந்த இரும்புத் தூள் ஆயிலோடு ஊர் சுற்றி, புது பேரிங்குகளில் கோடு போட்டிருக்கிறது. வேண்டாம் என்ற பொருளைப் போட்டு, அதையும் ஒழுங்காகப் போடாமல், அது போகும்போது வேண்டிய பொருளையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது!

இன்ஜின் மறுபடியும் கீழே இறங்கிவிட்டது. இந்த முறை ஆயில் ஓடும் துளைகளான ஆயில் கேலரியின் பிளக் ஒவ்வொன்றையும் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவுவதை நானே பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன். கேம் பெட்டியைப் பிரிக்கும் முன் அட்டையை என் கையில் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். நேற்று சின்ன கேமின் நம்பரை எழுதிக் கொடுத்தபோது, அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மெக்கானிக் வருத்தமாகக் கேட்டார்: "இதைப் போட்டா டாப் ஸ்பீடு குறையுமே சார், பரவாயில்லையா?"