1998-இல் வந்த முடிவை என்ன சொல்வீர்கள்?

அறிவியலும் ஒரு வகை நம்பிக்கைதான், விஞ்ஞானிகள் தாங்கள் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கிறார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, அப்படியென்றால் 1998-இல் நடந்தது என்ன? போட்டி போட்ட இரண்டு குழுக்கள், தொலைதூர விண்மீன் வெடிப்புகளின் ஒளியை அளந்து, பிரபஞ்சம் விரியும் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கத்தான் கிளம்பின, ஏனென்றால் ஈர்ப்பு இழுத்துப் பிடிக்கும் என்பதுதான் பெரும்பாலோரின் எதிர்பார்ப்பு. வெடிப்புகளோ நினைத்ததைவிட மங்கலாகத் தெரிந்தன, அதாவது அவை இன்னும் தள்ளி இருந்தன, வேகம் கூடிக்கொண்டிருந்தது. ஆசைப்பட்டுப் பார்த்தால் இப்படியா வரும்? அதுவும் எதிரணி தப்புக் கண்டுபிடிக்கக் காத்திருக்கும்போது! (2011-இல் நோபல் இரு தரப்புக்கும் போனது.)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேகத்தைக் கூட்டும் அந்த 'இருள் ஆற்றல்' இப்போதைக்கு ஒரு பெயர்தான், அது என்னவென்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் பிரபஞ்சம் இப்போது எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதிலும் இழுபறி. பெருவெடிப்பின் மிச்ச ஒளியை வைத்துக் கணக்கிட்டால் ஒரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கு வினாடிக்குச் சுமார் 67 கிலோமீட்டர், செஃபீட் விண்மீன்களையும் (சீராகக் கூடிக் குறையும் ஒளியை வைத்துத் தூரம் சொல்ல உதவுபவை) வெடிப்புகளையும் வைத்து அளந்தால் சுமார் 73. ஹபிள் தொலைநோக்கியின் செஃபீட் அளவுகளை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி சரிபார்த்து உறுதிசெய்த பிறகும் சண்டை ஓயவில்லை. வெறும் நம்பிக்கை என்றால் இரண்டில் ஒன்றை எப்போதோ மூடி மறைத்திருப்பார்களே?